கொள்ளுச் செடியும் என் டிராக்‌ஷன் கன்ட்ரோலும்

நாற்பத்து நான்காவது வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். முன்தலையில் முடி போய்விட்டது. மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இந்த மூன்றில் எதுவும் பைக்குக்குத் தடை என்று எனக்குத் தோன்றவில்லை. தடை என்று நினைத்தவர்கள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் மனைவி மட்டும் தடுக்கவில்லை. அவள் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில்தான் பாதி நாள் வேலை. முழங்கால் தோலைத் தார் ரோட்டில் விட்டுவிட்டு திங்கட்கிழமை காலையில் வந்து நிற்கும் பையன்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டி வாசலுக்கு வந்த அன்று அதை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள்.

"ஓட்டுங்க, வேணாங்கல. ஆனா ஒரு தடவ விழுந்தீங்கன்னாலும் மறுநாள் வண்டி இங்க இருக்கக் கூடாது. சரியா?"

"விழவே முடியாது. இதுல டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கு," என்றேன்.

"அப்படின்னா?"

இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நான் விடுவேனா? சமையலறைக்குள் பின்னாலேயே போய், தோசைக்கல் காய்வதற்குள் பாடத்தை முடித்தேன். இரண்டு சக்கரத்திலும் பல் வெட்டிய வளையம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு சென்சார், கடந்து போகும் பற்களை எண்ணிக்கொண்டே இருக்கும். எஞ்சின் இழுப்பது பின்சக்கரத்தை மட்டும். முன்சக்கரம் சும்மா கூட உருண்டு வருவது, அதனால் வண்டி உண்மையில் என்ன வேகத்தில் போகிறது என்பது அதற்குத்தான் தெரியும். பின்சக்கரம் திடீரென்று முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், தரையில் பிடி இல்லாமல் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே கம்ப்யூட்டர் எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். தீப்பொறியை இரண்டு முறை தவறவிடும், அல்லது நாம் எவ்வளவு முறுக்கினாலும் காற்று போகும் வழியை அதுவே கொஞ்சம் மூடும். பிடி கிடைத்ததும் இழுவையைத் திருப்பித் தரும். இதற்கு மேல் ஒரு சின்னப் பெட்டி, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. சாய்ந்த டயருக்கு வழுக்காமல் தாங்கும் சக்தி குறைவு, அதனால் வளைவில் கம்ப்யூட்டர் இன்னும் சீக்கிரமாகக் குறுக்கே வரும். அது வேலை செய்யும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும்.

"அப்ப முன்சக்கரம் வழுக்குனா?" என்றாள்.

இருபது வருடம் பாடம் நடத்தியதில் எந்தப் பிள்ளையும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"அது வேற. தோசைய ஊத்து, கல்லு காஞ்சிருச்சு."

என் பள்ளி குடுமியான்மலைப் பக்கம். மாசி பிறந்தால் அந்த ரோட்டில் பாதி எங்களுக்குச் சொந்தமில்லை. கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கி வந்து தார் மேல் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும். களமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பைக் ஓட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே ஓரமாக ஒதுங்கிப் போவோம்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு அப்படித்தான் ஒதுங்கினேன். வேப்பமர நிழலில், செடியைப் புரட்டிப் போடும் கவைக்கம்போடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், எழுந்து வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனா எப்படி? ஒங்க பின்சக்கரம் நல்லா அகலமா இருக்கு. இங்கிட்டு ஒரு நடை, அங்கிட்டு ஒரு நடை போயிட்டுப் போங்களேன்."

என் டயரின் அகலத்தை முதன்முதலாக ஒருவர் பாராட்டுகிறார். செடி மேல் வண்டியை ஏற்றி முறுக்கினேன். மஞ்சள் விளக்கு படபடவென்று சிமிட்டியது. எஞ்சின் திக்கித் திக்கி முனகியது. அந்தக் கோடி வரை ஊர்ந்து போய்த் திரும்பி வந்தேன். அம்மாள் குனிந்து ஒரு செடியை எடுத்துப் பார்த்தார். நெற்று எல்லாம் அப்படியே இருந்தது.

"பாக்க யானை கணக்கா இருக்கு, இழுக்க மாட்டேங்குதே தம்பி. டவுன் பஸ்ஸே தேவல."

எனக்குச் சுருக்கென்றது. தோசைக்கல் பாடத்தை அங்கேயே இன்னொரு முறை நடத்தினேன். பல் வளையம், சென்சார், கம்ப்யூட்டர், ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி. சக்கரம் வழுக்கிச் சுத்துனாத்தான நெத்து ஒடையும்? அதைத்தான் அது சுத்த விட மாட்டேங்குதுங்கிறீங்க."

"ஆமாக்கா."

"அதை அமத்தி வைக்க முடியாதா?"

முடியும். ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். முடியாது என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் டவுன் பஸ் என்ற சொல் காதிலேயே நின்றது. அழுத்திப் பிடித்தேன்.

அடுத்த நடையில் நிஜமாகவே காரியம் நடந்தது. பின்சக்கரம் அலறிக்கொண்டு சுற்றியது, சருகு என் தலைக்கு மேல் பறந்தது, மணிகள் சரசரவென்று தெறித்தன. அம்மாள் கவைக்கம்பைத் தூக்கி, "அப்படித்தான் தம்பி, அப்படித்தான்!" என்று கத்தினார். எனக்கு இருபது வயது ஆகிவிட்டது. அந்தக் கோடியில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போதும் முறுக்கினேன். தார் மேல் உதிர்ந்து கிடந்த கொள்ளு ஒவ்வொன்றும் டயருக்கு அடியில் உருண்டது. பின்சக்கரம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பக்கவாட்டில் போனது. பிறகு நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாள் ஓடி வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு நான் விழுந்த இடத்தைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டு, "இந்த எடத்துல நல்லா உதிர்ந்திருக்கு தம்பி," என்றார்.

இடது முழங்கையில் தோல் போயிருந்தது. வண்டியின் இடது பக்கம் ஒரு சாண் கீறல். வலி கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத வண்டி மறுநாள் இருக்காதே என்பதுதான் கவலை. அம்மாள் மடி நிறையக் கொள்ளு அள்ளி நீட்டினார், ரசம் வைத்தால் இடுப்புக்கு நல்லது என்று. தடயம் எதுவும் வேண்டாம் என்பதால் மறுத்துவிட்டேன்.

மனைவி டியூட்டி முடிந்து வருவதற்குள் முழங்கையைக் கழுவி மருந்து போட்டு முழுக்கைச் சட்டைக்குள் போனேன். வண்டியின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். ஒரு சருகுகூட மிஞ்சக் கூடாது என்று ஹோஸ் பைப்பைப் பிடித்து, சீட்டுக்கு அடியிலும் மட்கார்டுக்கு உள்ளேயும் தண்ணீரைப் பீய்ச்சினேன். சந்தேகத்துக்கு மறுநாளும் கழுவினேன். அதற்கு மறுநாளும். "வண்டி மேல இவ்வளவு பாசமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை, ஸ்கூட்டரை எடுக்கப் போனவள் என் வண்டிக்குப் பின்னால் அப்படியே நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க."

பின் மட்கார்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஈரச் சருகு அப்பியிருந்தது. அதிலிருந்து ஏழெட்டு முளைகள், வெள்ளைத் தண்டும் பச்சைத் தலையுமாக எட்டிப் பார்த்தன. சக்கரம் சுற்றிய வேகத்தில் எகிறிப் போய் ஒட்டிய மணிகளுக்கு, நானே மூன்று நாள் தண்ணீர் விட்டிருக்கிறேன். அவள் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தாள்.

"கொள்ளு," என்றாள். "கையைக் காட்டுங்க."

சட்டைக் கையைச் சுருட்டினேன். புண்ணை அழுத்திப் பார்த்து, "சீழ் இல்ல. சுத்தமாத்தான் தொடச்சிருக்கீங்க," என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"கொளுத்துற வெயில்ல அஞ்சு நாளா முழுக்கைச் சட்டை போட்டாத் தெரியாதா? எங்க விழுந்தீங்கன்னுதான் தெரியல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. விழுந்ததைவிட இது அதிகம் எரிந்தது.

"அந்தக் கன்ட்ரோலு என்ன பண்ணுச்சு?"

அது சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அதன் மேல் பழி போட மனசு வரவில்லை. "நான்தான் அமத்தி வச்சேன். ரோட்டுல ஒரு அக்கா, டவுன் பஸ்ஸே தேவலன்னு சொல்லிருச்சு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வண்டி பாவம், அதை எதுக்கு விக்கணும்? காப்பாத்த ஒண்ணு இருந்தா அதையும் அமத்திப்புடுறீங்க. ஒங்களுக்கு அமத்த முடியாத ஒண்ணு வேணும்."

அந்தச் சனிக்கிழமை சுடிதாரும் ஹெல்மெட்டுமாக வந்து, உள்ளங்கை அகலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். குடுமியான்மலை ரோட்டில் அதே வேப்பமரம், அடுத்த வயல் கொள்ளு. அம்மாள் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டு கவைக்கம்பைத் தூக்கினார்.

"தம்பி! இன்னொரு நடை!"

என் வலது கை தானாக முறுக்கத் தொடங்கியது. பின்சீட்டிலிருந்து இரண்டு விரல் வந்து இடுப்புச் சதையை நறுக்கென்று கிள்ளின. கையைத் தளர்த்திவிட்டேன். மஞ்சள் விளக்கு இன்னும் ஒரு தரம்கூடச் சிமிட்டியிருக்கவில்லை.