ஏழுமலை அண்ணனின் ராசி மூடி

போன வாரம் செங்கல்பட்டுக்குள் நுழையும்போது என் காரில் சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த சின்ன வண்டி. ஆனாலும் எங்கள் வீட்டு வாசலில் சொந்தமாக வந்து நின்ற முதல் கார் அதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆளும் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பழகியவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். குப்பென்று ஆவி வந்தது. சுட்ட ரப்பரும், கொதித்துப்போன கூலண்டின் அசட்டு இனிப்பும் கலந்த மணம். சூடு தணியும்வரை காத்திருந்து, துணியைப் போட்டு மூடியைத் திருகி எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

“பெருசா ஒன்னும் இல்ல மேடம். ரேடியேட்டர் மூடி போயிடுச்சு. ஸ்பிரிங்கு தொஞ்சி கீது. புதுசு போட்டா முடிஞ்சிது.”

நான் சிரித்துவிட்டேன். வண்டி நின்றுபோனால் திட்டுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். சிரிக்கிற ஆளிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றுகொண்டார். அவருக்கு நான் என்னவென்று சொல்வது? அந்த ஆவிக்குள் ஒரு வேன் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அதுவரை எங்கள் வீட்டில் எல்லோரும் குனிந்து செய்கிற வேலையைத்தான் செய்திருந்தார்கள். நடவு, களை, அறுப்பு, செங்கல் சூளை. எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாற்காலி குடுப்பாங்களா?”

“குடுப்பாங்கப்பா.”

பொய்யில்லை. நாற்காலி இருந்தது. விருந்தினர் கண்ணில் படும்போது அதில் உட்காரக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அப்பா அந்த நாற்காலியைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அதனால் அந்த வேலை போனால் என் வேலை மட்டும் போகாது, அப்பாவின் நாற்காலியும் போய்விடும்.

போகிற மாதிரிதான் இருந்தது. சரியாக எட்டு மணிக்கு நான் மேசையில் நிற்க வேண்டும். அப்போதுதான் ராத்திரி முழுக்க நின்ற ஆள் வீட்டுக்குப் போக முடியும். பணி உறுதியாகும்வரை தாமதமே கூடாது என்பது கண்டிப்பு. என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதோ ஏழுமலை அண்ணனின் வேன்.

எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கடற்கரை விடுதிகளுக்கு அறை கூட்டவும், படுக்கை மாற்றவும், துணி துவைக்கவும் போகிற பெண்களை ஏற்றிப்போகும் வேன் அது. அதில் ஏற ஒரு சட்டம் உண்டு. கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்க வேண்டும். நாம் குடிப்பதற்கல்ல, வண்டி குடிப்பதற்கு. “உங்களுக்கு நாஸ்தா, அதுக்குத் தண்ணி” என்பார் அண்ணன். பாட்டில் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. சோடா பாட்டில், எண்ணெய் பாட்டில், பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோய் வார் அறுந்த பாட்டில் என்று எல்லா வகையும் வரும். ஸ்டெல்லா அக்கா கொண்டுவந்தது, விடுதி அறையில் யாரோ குடித்துவிட்டுப்போன வெளிநாட்டு மது பாட்டில். நீளக் கழுத்தோடு அழகாக இருக்கும். காலையில் அதை ஏந்திக்கொண்டு தெருவில் நடந்ததைப் பார்த்த இரண்டு பேர் அவர் வீட்டுக்காரரிடம் தனியாகப் போய் ஆறுதல் சொன்னார்களாம்.

திருக்கழுக்குன்றத்து மலை முதுகுப் பக்கம் போனதும் ஓர் ஏரிக்கரை வரும். அதில் ஏறும்போது வேன் முதலில் முனகும், பிறகு சீறும், பிறகு முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி விடும். தினமும் அதே இடம். அண்ணன் ஓரங்கட்டி நிறுத்துவார். உடனே திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும், அதனால் ஆறும்வரை எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். பிறகு அவர் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறப்பார். வரிசையாக நாங்கள் பாட்டில்களை நீட்டுவோம். அபிஷேகம் மாதிரியே இருக்கும்.

ஆறுவதற்குக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் எல்லாமே நடந்தது. வீட்டில் அவசரமாகக் கிளம்பியவர்கள் அங்கேதான் தலை பின்னினார்கள். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை போட்டார். மாமியார்கள் துவைத்துக் காயப்போடப்பட்டார்கள். எனக்கு அது பயிற்சிக்கூடம். வரவேற்பு மேசையில் சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை நான் ஏரியைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்ததை ஸ்டெல்லா அக்கா ஒருநாள் கேட்டுவிட்டார். பத்து வருடமாக அறை கூட்டியவர். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து என் முன்னால் வந்து நின்றார்.

“ஹலோ. மை ரூம் வாட்டர் நோ கமிங்.”

“சாரி மேடம். ஐ வில் செண்ட் சம்படி” என்றேன்.

“இன்னாடி இப்டி பம்முற? அவ இன்னும் கத்துவா. உள்ள அழுதுக்கோ, மூஞ்சில சிரி. எங்க, திரும்ப சொல்லு.”

அதற்குப் பிறகு தினமும் நாடகம்தான். ஒருவர் சாவியைத் தொலைத்த வெள்ளைக்காரர், ஒருவர் காலை உணவு நேரம் முடிந்தபின் இட்லி கேட்கும் சென்னைக்காரர், இரண்டு பேர் ஒரே அறையைக் கேட்டுச் சண்டை போடும் குடும்பங்கள். ஏழுமலை அண்ணன் கூட ஒருநாள் ஈரச் சாக்கோடு வந்து, “மேடம், பார்க்கிங் எங்க?” என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு மணி என்பது ஏரிக்கரையிலேயே அடித்துவிடும். மற்றவர்களுக்குக் கவலையில்லை. விருந்தினர் எழுந்து அறையைவிட்டு வெளியே வந்தால்தானே அவர்கள் உள்ளே போக முடியும். நான் மட்டும் மேசைக்கு ஓடுவேன். ராத்திரி ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நிற்பார். “உங்க ஊர் மலைக்கு கழுகு கூட திரும்பி வந்துரும் போல. நீங்க எட்டு மணிக்கு வர மாட்டீங்க” என்பார். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் வருவதை நிறுத்தி எத்தனையோ காலமாகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். “திங்கட்கிழமை உங்க வேலைய உறுதி பண்றதா வேணாமான்னு முடிவு பண்றோம். அன்னைக்காவது எட்டு மணிக்கு நில்லுங்க. லேட்டானா வேற ஆள் பாத்து வெச்சிருக்கோம்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, அதற்கு எனக்குப் பயிற்சி இருந்தது.

வேன் ஏன் கொதிக்கிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. அதற்குத் தாகம் அதிகம், அவ்வளவுதான். நான் யோசித்தேன். மறுநாள் காலை ஏரிக்கரையில் அண்ணன் மூடியைக் கழற்றி வைத்தபோது கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே மஞ்சளும் குங்குமமும் அடை மாதிரி ஏறியிருந்தன. அடியில் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. ஸ்பிரிங்கை அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே கிடந்தது.

அந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. அண்ணன் முதலில் வைத்திருந்தது ஒரு டாக்ஸி. கல்யாணம், வளைகாப்பு, மதுராந்தகம், திருப்பதி என்று அது போகாத இடமில்லை, ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அதை விற்றுவிட்டு வேன் வாங்கியபோது, ராசி கைவிட்டுப் போகக் கூடாதென்று ரேடியேட்டர் மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். வேனின் சொந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை மாட்டினார். அளவு பொருந்தியதே அம்மன் அருள் என்று நம்பினார். டாக்ஸியை வாங்கியவர் என்ன மூடி போட்டுக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பானெட்டைத் திறந்து அந்த மூடிக்குத்தான் பொட்டு, பூ, கற்பூரம் எல்லாம்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். மேலாளர் சொன்னதையும், பள்ளிக்கூடத்தில் படித்த அழுத்தத்தையும் கொதிநிலையையும். என் ஆசிரியை கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில், “குக்கருக்கு வெயிட்டு போடாம அடுப்புல வெச்சா இன்னா ஆவும்?” என்று கேட்டேன்.

“தண்ணி பூரா ஆவியா பூடும், அடி புடிக்கும்” என்றார் ஸ்டெல்லா அக்கா. பிறகு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ இத்தினி நாளா வெயிட்டு இல்லாத குக்கர்லயா போய்கினு கீறோம்?”

அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “கம்ப்யூட்டர் பாப்பா, நீ படிச்ச பொண்ணு, சரி. அந்த மூடி என் ராசி. அதுல கை வெக்காத.” அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் செங்கல்பட்டு போய், உதிரி பாகக் கடையில் வேனின் பெயரைச் சொல்லிப் புது மூடி வாங்கினேன். “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?” என்று கடைக்காரர் கேட்டார். “இருக்காங்க, வண்டிதான் இல்ல” என்றேன். அவர் குழம்பிப்போய் நல்ல மூடியாகவே எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. அண்ணன் வழக்கம்போல எங்கள் கைகளைப் பார்த்தார். எல்லாக் கைகளும் காலியாக இருந்தன. அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களும் கையை வீசிக்கொண்டே வந்தார்கள். ஸ்டெல்லா அக்கா ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் வீடு தொடங்கி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

“இன்னாம்மா இது, ஒருத்தி கையிலயும் பாட்டில காணோம்?”

“மூடிய மாத்து ஏழுமல. இல்லன்னா ஏரிக்கரையில இருந்து நீயே தள்ளிகினு வா” என்றார் ஸ்டெல்லா அக்கா.

“ராசிக்கா அது.”

“ராசிய யாரு தூக்கிப் போட சொன்னா? முன்னாடி கண்ணாடிகிட்ட கீற முருகன் பக்கத்துல வெச்சிக்கோ. உள்ள வெந்துகினு கெடந்ததுக்கு கொஞ்ச நாளு காத்தாட உக்காரட்டும்.”

அண்ணன் அந்த முருகனைப் பார்த்தார், எங்கள் காலிக் கைகளைப் பார்த்தார். நான் பையிலிருந்து புது மூடியை எடுத்துக் காட்டினேன். கடைசியில் இறங்கி பானெட்டைத் திறந்துவிட்டு, “என் கையால கழட்ட மாட்டேன். நீயே கழட்டிக்கோ” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை. நான் அழுத்தித் திருகினேன். ரப்பர் பழைய முறுக்கு மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. புது மூடியை வைத்துத் திருகி உட்கார வைத்தேன். பழையதைப் புடவைத் தலைப்பால் துடைத்து அண்ணனிடம் இரண்டு கைகளாலும் கொடுத்தேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏரிக்கரை வந்தது. வேன் முனகும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். முனகவில்லை. கரைமேல் ஏறி, நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள்.

எட்டு மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே போய்விட்டோம். விடுதியின் பின்வாசல் கூடத் திறக்கவில்லை. காவலாளி, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். மேசையில் ராத்திரி ஆள் என்னைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அன்று மாலை என் வேலை உறுதியானது. அப்பாவின் நாற்காலி பிழைத்தது.

புகழ் முழுக்க யாருக்குப் போனது என்கிறீர்கள்? “ராசி மூடி முன்னாடி உக்காந்து ரோட்ட பாத்துகினு கீது. அதான் வண்டி சூடாவல” என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். அறிவியல் வாயை மூடிக்கொண்டது.

பாட்டில் கொண்டுவரும் பழக்கம் மட்டும் உடனே போகவில்லை. கொஞ்ச நாள் எல்லோரும் கொண்டுவந்தார்கள், நிரம்பியபடியே திருப்பிக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினார்கள். தலையை வீட்டிலேயே பின்னிக்கொண்டு வந்தார்கள். ஏறியதும் தூங்கினார்கள். ஓடும் வேனில் நாடகம் போட்டுப் பார்த்தோம். துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா எழுந்து நின்றால் திருப்பத்தில் யார் மடியிலாவது விழுந்தார். வெள்ளைக்காரி அப்படி விழமாட்டாள் என்று நிறுத்திவிட்டோம். ஒருநாள் அவர் மெதுவாகக் கேட்டார், “ஏழுமல, ஒரே ஒரு நாளிக்கு அந்த பழைய மூடிய போடேன்.”

“மாத்த சொன்னதும் நீங்கதான், போட சொல்றதும் நீங்கதானா? கம்முனு குந்துக்கா.”

இப்போது அந்த வேன் இல்லை. விடுதிகள் தாங்களே பேருந்து விடுகின்றன. ஏழுமலை அண்ணன் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் கேட்ட மனிதருக்கு வேறு என்ன வேலை பொருந்தும். ராசி மூடி அதன் முன்பக்கத்தில் முருகனோடு பயணம் செய்கிறதாம். நான் இன்னொரு விடுதியில் மேலாளராக இருக்கிறேன். எனக்கென்று ஒரு நாற்காலி, உட்காரலாம். கத்தும் விருந்தினர் வந்தால் இன்றும் உள்ளே அழுதுகொண்டு முகத்தில் சிரிக்கிறேன்.

மெக்கானிக் புது மூடி போட்டுக் கொடுத்ததும், கிளம்பும் முன் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “எங்க பஸ்சு ஏசி வண்டிடி. ஏறினா கண்ணாடிய மூடிக்கினு எல்லாம் செல்போன பாக்குதுங்க. எங்கியும் நிக்கிறதே இல்ல” என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாகவே திரும்பினேன். ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். நாங்கள் நிற்கும் இடத்தில் இப்போது இரும்புத் தடுப்பு. ஓரங்கட்ட வழியில்லை. முள் நடுவிலேயே இருந்தது, ஆவி இல்லை, மணம் இல்லை. பக்கத்து இருக்கையில் எப்போதும் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில், நிரம்பியபடியே வீடு வந்து சேர்ந்தது.