ஐநூறுக்கு ஒரு சீட்டு

அன்று தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கணக்கு சார். மூலை நாற்காலியில் விடைத்தாள் திருத்துவதுபோலக் குனிந்து, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்த அறிவியல் டீச்சர். கதவை ஒட்டி என் மகள், பத்தாம் வகுப்பு. தைரியத்துக்காக நான் இழுத்துக்கொண்டு போன மதினி, என் அண்ணன் மனைவி. அச்சாபீஸில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. ஆறாவது ஆள் நான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. திட்டு விழும்போது நின்றுகொண்டிருந்தால் பாதிதான் உறைக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மகள் சொன்னாள்.

"யம்மா, நாளைக்கு உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாக."

"யாரு சொன்னா?"

"கணக்கு சாரு."

"என்னத்தச் செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. எழுதுனேன்."

அந்த 'எழுதுனேன்' என்ற சொல்லைக் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தெரியாததெல்லாம் எனக்கு ஆபத்துதான்.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். காலாண்டுப் பரீட்சையில் பாதி வகுப்பு கணக்கில் தோற்றிருக்கிறது. புதிதாக வந்த தலைமையாசிரியை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து, எந்த ஆசிரியர் எப்படி நடத்துகிறார், எது புரிகிறது, எது புரியவில்லை என்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லியிருக்கிறார். பேர் போட வேண்டாம், பயப்பட வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்றாராம். என் மகளும் பேர் போடவில்லை. உள்ளதைத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் நல்ல நோட்டில் தாள் கிழிக்க மனம் வராமல், ரஃப் நோட்டிலிருந்து கிழித்து எழுதியிருக்கிறாள்.

அந்த ரஃப் நோட்டு நான் தைத்துக் கொடுத்தது. அச்சாபீஸில் வீணாய்ப்போன லேபிள் தாள்களை எடைக்கு வாங்கிவந்து, எழுதாத பக்கம் மேலே வருகிற மாதிரி அடுக்கி, சணல் போட்டுத் தைப்பேன். அந்த வருஷம் கிடைத்தது கிளிப் படம் போட்ட ஒரு புஸ்வாண லேபிள். கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல், கிளிக்கு இரண்டு மூக்கு வந்துவிட்ட லேபிள். வகுப்பில் வேறு யாரிடமும் அந்தக் கிளி கிடையாது. பேர் போடாமல் எழுதியவள், தாளைத் திருப்பிப் பார்க்க மறந்துவிட்டாள்.

"கிளியப் பாத்துட்டாகளா?"

"தாளையெல்லாம் சாருக்கும் காட்டிருக்காக. சாரு பாத்துட்டு, 'பேரு போடல, கிளியப் போட்டிருக்கா'ன்னு வகுப்புல சொன்னாக. பிள்ளைக பூராம் சிரிச்சுட்டாளுக."

அவள் சொல்லும்போது லேசாகச் சிரிக்கிறாள். எனக்கு அழுகை வருகிறது. பத்தாம் வகுப்பு, இன்னும் அஞ்சு மாசத்தில் பரீட்சை. வாத்தியாரைக் குறை சொல்லி எழுதிய பிள்ளையின் சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டால்? எங்கள் பக்கம் கம்பெனியில் ஆளை நிறுத்தினாலும் 'சீட்டைக் கிழிச்சுட்டாக' என்போம், பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினாலும் அப்படித்தான் சொல்வோம். சீட்டுக் கிழிந்த பெண்பிள்ளை எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். படிப்பு நின்றதும் நான் வேலைக்கு ஏறிப்போன தீப்பெட்டி ஆபீஸ் வேன் இன்னும் எங்கள் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அவள் அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தீபாவளிக்கு முந்தின மாசம் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். "நீயே போயிட்டு வா. நான் வந்து என்ன பேசப்போறேன்?" என்றார். நான் மட்டும் என்ன பேசப்போகிறேன்?

காலையில் சூப்பர்வைசரிடம் அரைநாள் கேட்டேன். "காலண்டர் சீசன்ல லீவு கேக்கீக. கூடவே மதினியும் வாராகளாக்கும்? ரெண்டு மேசை காலி. ஆர்டர நானா உக்காந்து எண்ணுறது?" என்றார். முனகிக்கொண்டேதான் விட்டார். அதற்குள் அன்று நான் மூன்று தடவை எண்ணிக்கையை விட்டிருந்தேன். அதனால்தான் விட்டாரோ என்னவோ.

அறைக்குள் போனதும், கும்பிட்ட கையை இறக்காமலே ஆரம்பித்துவிட்டேன்.

"சார், தெரியாம எழுதிட்டா சார். சின்னப் பிள்ள. சீட்டை மட்டும் கிழிச்சுராதீக சார்."

கணக்கு சார் புருவத்தைச் சுருக்கினார். "அத நான் ஏம்மா கிழிக்கப்போறேன்? பத்திரமா வச்சிருக்கேன்."

சட்டைப்பையிலிருந்து இரண்டு மூக்குக் கிளியை எடுத்து மேசையில் வைத்தார். பத்திரமாக வைத்திருக்கிறார் என்றால், மேலே அனுப்பப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைமையாசிரியைக்குத்தான் முதலில் விளங்கியது.

"சார், நீங்க சொல்ற சீட்டு வேற, அவங்க சொல்ற சீட்டு வேற. அம்மா, உங்க பிள்ளையை யாரும் வெளிய அனுப்பலை. உக்காருங்க."

மதினி என் முழங்கையை இழுத்தாள். "அதான் சொல்லுதாகல்ல? உக்காரு பிள்ள." உட்கார்ந்தேன்.

சார் கோபமாக இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோபம் இருந்தது. மகளைப் பார்த்து, "நீயே வாசி. உங்கம்மாவும் கேக்கட்டும்" என்றார். அவள் தாளை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை.

"அறிவியல் டீச்சர் படம் போட்டுப் பாகம் குறிப்பது நன்றாகப் புரிகிறது. ஆனால் முதல் பெஞ்சோடு மட்டும் பேசுகிறார். தமிழ் ஐயா கதை சொன்னால் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டோம். ஆனால் பாடம் அப்படியே நிற்கிறது."

மூலையில் சிவப்புப் பேனா நின்றது. "முதல் பெஞ்சோடயா?" என்று அறிவியல் டீச்சர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"மேல வாசி" என்றார் சார்.

"கணக்கு சாருக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குச் சாருடைய முதுகு நன்றாகத் தெரியும்."

மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"என் அம்மா அச்சாபீஸில் தாள் எண்ணுகிறார். ஐநூறு தாளுக்கு ஒரு சீட்டு வைப்பார். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ணமாட்டார். கடைசியாக வைத்த சீட்டு வரைக்கும்தான் திரும்பிப் போவார். சார் ஒரு கணக்கை ஆரம்பித்தால் விடை வரும் வரை எங்கும் சீட்டு வைப்பதில்லை. நடுவில் விட்டுவிட்டால் எங்களுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை."

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் தாள் எண்ணுவதை அவள் பார்த்தது எல்லாம், மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து காத்திருக்கிற விடுமுறை நாட்களில்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றே எனக்குத் தெரியாது.

"இதுல எனக்கு ஒண்ணுதான் விளங்கலை. எப்படி எண்ணுவீங்க? காட்டுங்கம்மா" என்றார் சார்.

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சேலையில் துடைத்துக்கொண்டேன். கட்டின் மூலையைத் தூக்கி ஒரு முறுக்கு முறுக்கி, விசிறிபோல விரித்து, ஐந்தைந்தாக விரலால் தள்ளிக்கொண்டு போனேன். ஐநூறுக்கு அங்கே தாள் கிடையாது; நூறு வந்ததும் சீட்டு வைக்கலாம் என்று பார்த்தால் கிழிக்க ஒரு துண்டு இல்லை. நாங்கள் வந்த பஸ்ஸின் டிக்கெட்டை மணிபர்ஸிலிருந்து எடுத்து வைத்தேன். மேலே எண்ணினேன். நூற்றைம்பது, நூற்றறுபது...

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"பதினோரு வருஷம் சார்" என்றேன். போயிற்று. எண்ணிக்கை போய்விட்டது. ஒரு வாத்தியார் முன்னால், அதுவும் கணக்கு வாத்தியார் முன்னால், என் பிள்ளை என்னைப் பெருமையாய் எழுதிவைத்த இடத்தில், தப்பு விட்டுவிட்டேன். ஒரு நொடி ஏழாம் வகுப்பில் நிற்பதுபோல இருந்தது. ஆனால் கை என்னைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு பஸ் டிக்கெட் வரைக்கும் திரும்பிப் போய், நூற்றைந்து, நூற்றுப்பத்து என்று மறுபடி தள்ள ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீகளா சார்?" என்றாள் என் மகள். "இதத்தான் எழுதுனேன்."

சார் அந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலோரத்தை விட்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நானும் ஒரு சீட்டு வைக்கத்தாம்மா செய்றேன். 'புரிஞ்சுதா'ன்னு கேக்கேன். நாப்பது பேரும் 'புரிஞ்சது சார்'ன்னு கத்துதாங்க. நான் என்ன செய்ய?"

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "நானும் கத்தியிருக்கேன் சார்" என்றேன். "பின்னக் கணக்கு நடத்தும்போது. ஒரு நாள்கூடப் புரிஞ்சதில்ல. பக்கத்துப் பிள்ள கத்துவா, நானும் கத்துவேன். பரீட்சைக்கு முந்தி நின்னுட்டேன்."

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் பணம் இல்லாததைத்தான் எல்லாரிடமும் காரணமாகச் சொல்லிவந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தக் காரணத்தை அன்றுதான் முதல்தடவை வாய்விட்டுச் சொன்னேன். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு சார் கிளித்தாளைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்த்து, "அந்த முதுகு வரியை மட்டும் அடிச்சிருக்கலாம்" என்றார்.

"அது உள்ளது சார்" என்றாள் அவள்.

அறிவியல் டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சாரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டதால் எங்களுக்குத் தெரிந்தது முதுகுதான்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, காலையில இருந்து அழுதியே, இதுக்கா? உம் பொண்ணு என்னமாப் பேசுதா! எம்பையன் வாயத் தொறந்தா சோறு கேக்க மட்டுந்தான்." பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடமும் சொல்லப் பார்த்தாள். நான்தான் தடுத்தேன். ஆனால் அச்சாபீஸுக்குப் போய்ச் சேர்ந்த கால்மணி நேரத்தில், எண்ணுகிற பகுதி முழுக்க, "நம்ம எண்ணுற மாதிரி பள்ளிக்கூடத்துல கணக்கு நடத்தப்போறாகளாம்" என்று தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டால், அதில் பாதி நான்.

நான் நம்பவில்லை என்பது வேறு விஷயம். வாத்தியார் அப்போதைக்குச் சிரித்துவைப்பார், பிறகு மார்க்கில் கைவைப்பார் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம், "சார் ஏதும் சொன்னாகளா? மொறைச்சாகளா?" என்று கேட்பேன். ஒரு நாள் அவள் சலித்துக்கொண்டு சொன்னாள்: "யம்மா, இப்பம் சாரு போர்டுல நாலு வரி எழுதுனதும் திரும்பி நிக்காக. 'சீட்டு'ங்காக. நாங்க எங்கன விட்டோம்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதிக் குடுக்கணும். அங்கனருந்துதான் மறுபடி ஆரம்பிக்காக. சாரு மறந்துட்டா, பின்பெஞ்சுப் பயலுவ 'சார், சீட்டு வைங்க சார்'ன்னு சத்தம் போடுதானுக."

நாற்பது பிள்ளைக்குத் தினமும் துண்டுத்தாள் வேண்டுமே. மகளிடம் ஐம்பது ரூபாய் கொடுத்தனுப்பினார் சார். அச்சாபீஸ் கழிவுத்தாள் எடைக்கு வாங்கி அனுப்பச் சொல்லி. காசு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் அதே நோட்டு திரும்பி வந்தது. "சும்மா வாங்குனா, அப்புறம் உங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் கேக்க முடியாது" என்றாராம்.

கிலோ ஏழு ரூபாய். இரண்டிரண்டு கிலோவாக மூன்று தடவை அனுப்பினேன். வீணாய்ப்போன முருகன், பாதி விழுந்த தேதித்தாள், தலையில்லாத ராக்கெட். எங்கள் மேசையில் கழித்துத் தள்ளியதெல்லாம் அந்த வகுப்பில் பிள்ளைகள் விட்ட இடத்தை எழுதும் தாளாயிற்று. நான்காவது தடவைக்குள் பரீட்சை வந்துவிட்டது.

மகள் கணக்கில் எண்பத்து மூன்று வாங்கினாள். காலாண்டில் முப்பத்தொன்று. அந்த மார்க் சீட்டை நான் அச்சாபீஸுக்குக் கொண்டுபோய், சூப்பர்வைசர் மேசையில் வேண்டுமென்றே மறந்து வைத்துவிட்டு வந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு எண்ணுகிற பகுதிக்கே வந்து, எல்லாருக்கும் காட்டிவிட்டு, "பத்திரமா வைங்க, கிழிஞ்சுரப்போவுது" என்று தந்தார். தெருமுனையில் வேன் ஹாரன் அடிப்பது எனக்கு அப்புறம் வெறும் சத்தம்தான். அவள் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் உள்ள பிரிவையே கேட்டு வாங்கிச் சேர்ந்தாள்.

சார் தந்ததில் தாளுக்குப் போக மீதிப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கோடை விடுமுறையிலேயே சாருக்கு ஆலங்குளம் பக்கம் மாறுதல் ஆகிவிட்டதாம். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. போகலாம் போகலாம் என்று ஒவ்வொரு சீசனாகத் தள்ளிப்போனது. பிறகு, இத்தனை நாள் கழித்து இதற்காகவா வந்தாய் என்று நினைத்துவிட்டால் என்ற பயம். மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எண்ணிக்கை எனக்கு மறக்கவில்லை. வாங்கியது ஐம்பது, தாளுக்கு நாற்பத்திரண்டு. சாருக்கு நான் தர வேண்டியது இன்னும் எட்டு ரூபாய்.