வார்ப்பில் ஏறிய மைண்ட் மேப்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெள்ளகோவில் பக்கம் விற்ற பம்புகள் வரிசையாகத் திரும்பி வந்தன. முதலாளி கூப்பிட்டார்.

"ஏன் வருதுன்னு திங்கக்கெழம சொல்லு. இல்லாட்டி ஊட்டுக்குக் கெளம்பிக்க."

பேரிங்தான் காரணம் என்று ஃபிட்டர்கள் ஏற்கெனவே மூன்று தடவை சொல்லப் போனார்கள். பாதியிலேயே "செரி, போங்க" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் கம்பெனி என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பியிருந்தது. டை கட்டிய வாத்தியார் மைண்ட் மேப் சொல்லிக்கொடுத்தார். நடுவில் வட்டம், அதற்குள் பிரச்சினை. சுற்றிலும் வளைந்த கிளைகள், கிளைக்கு ஒரு காரணம். "மனசுல பட்டதை மறைக்காம எழுதுங்க" என்றார். நானும் மறைக்கவில்லை. டிராயிங் தாள் ஒன்றில் ஆறு கிளை இழுத்தேன். பேரிங், வோல்டேஜ், கிணற்று மணல், ஃபிட்டிங், லாரிக்காரர் தூக்கி எறிவது. ஆறாவதில், 'முதலாளி யார் பேச்சையும் காதில் வாங்குவதில்லை.' மனசு லேசானது. தாளைப் பேட்டர்ன் ஷாப் மேசையில் மறந்து வைத்துவிட்டு, விசாரிக்க வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லருக்கும் நடுவில் வட்டம், சுற்றிலும் வளைந்த இறக்கைகள்தான். பேட்டர்ன் ஷாப்பில் வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் காதர் பாய்க்கு என் தாளைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லை. செதுக்கினார். ஃபவுண்டரியில் இரும்பும் ஊற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி அறையில் நான் வாயைத் திறக்கும் முன் காதர் பாய் வார்ப்போடு வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, தம்பி போட்ட புது மாடலுங்க. எறக்கை ஒண்ணொண்ணும் ஒரு நீளம். எழுத்தையும் விடாம செதுக்கிப்போட்டேனுங்க!"

"பாய், படிச்சுப் பாக்கலீங்களா?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"செதுக்கறது நம்ம வேலைங்க தம்பி. படிக்கறது உங்க வேலைங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஆறாவது இறக்கையில் கை நின்றுவிட்டது.

"சார், அது டிராயிங்கே இல்லீங்க..."

"நீ பேசாத!"

சொல்லிவிட்டு மறுபடி இரும்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"செரி. சொல்லு கண்ணு."

வெள்ளகோவிலில் விசாரித்து வந்த பேரிங் கதையை முழுசாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். பேரிங் மாறியது, என் வேலையும் தப்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மைண்ட் மேப் தாராளமாகப் போடுங்கள். தாளின் தலையில் மட்டும் 'இது டிராயிங் அல்ல' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். நான் அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன் என்பது வேறு விஷயம்.