கௌசல்யா சொல்லாத கைத்தறி

கரமனைக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த கௌசல்யாவுக்குத் தன் குரலே கேட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் போனிலிருந்து அது வந்தது. "தொட்டுப் பாத்திட்டு வாங்கினா மதி, அது போதும்" என்று அவள் எப்போதும் சொல்வதுபோலவே தொடங்கி, புதிதாக வந்திருக்கும் நைட்டிகளின் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. எட்டிப் பார்த்தாள். திரையில் நைட்டிகளின் படங்கள் மட்டும் நகர்ந்தன, அவள் முகம் இல்லை. அந்த நைட்டிகளைப் பற்றி அவள் எங்கேயும் பேசியதாக நினைவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கி, திரும்பி நடந்தாள்.

திருநெல்வேலிப் பக்கம் கடையத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. புருஷன் ஆறுமுகநயினாருக்கு சென்ட்ரிங் வேலை. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஷாஜியின் ஜவுளிக்கடையில் அவள் சேர்ந்து ஏழு வருஷம். துணியை எடுத்துப் போட்டால் குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். இது ரெண்டு வெளுப்பு தாங்கும், அதுக்கு மேல தாங்காது என்பாள். அதனாலேயே சிலர் அவள் வரும்வரை காத்திருந்து வாங்குவார்கள்.

இரண்டு வருஷம் முன்பு கடையின் விளம்பரத்தைக் கவனிக்க சுமந்த் என்ற இளைஞனை ஷாஜி ஏற்பாடு செய்தார். அவன் வந்த மூன்றாம் நாளே கௌசல்யாவின் கையில் ஒரு புடவையைக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னான். பாதி தமிழ், பாதி மலையாளம், ராகம் முழுக்கத் திருநெல்வேலி. அந்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். வித்துராவிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து அந்தத் தமிழ்ச் சேச்சி எங்கே என்று கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு வீடியோ என்றாயிற்று. முந்நூறு வாடிக்கையாளர்களின் நம்பர் அவள் போனிலேயே இருந்தது.

இந்த ஆனி மாதம் சுமந்த் அவளை மாடியறையில் உட்காரவைத்து நாலு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொன்னான். சவுண்டு சரிபார்க்க என்றான். வாசித்தாள். அதற்குப் பிறகு வீடியோவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. வயசாகிவிட்டதால் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தாள். பஸ்ஸில் அந்தக் குரலைக் கேட்டது அப்படி ஒன்றரை மாதம் போன பிறகுதான்.

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் அந்த வீடியோவைத் தேடிப் போட்டுக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். "ஒன் சத்தம்தாம்ளா. பேசிட்டு மறந்திருப்ப" என்றார். கட்டின புருஷனுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்பது அவளை என்னவோ செய்தது.

மறுநாள் சுமந்திடம் கேட்டாள். அவன் எதையும் மறைக்கவில்லை, பெருமையாகவே விளக்கினான். அவள் வாசித்ததைக் கம்ப்யூட்டர் படித்து வைத்திருக்கிறது, இனி எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே பேசும். சேச்சிக்கும் அலைச்சல் இல்லை. பேசிக்கொண்டே ஏதோ தட்டினான். கௌசல்யா சேச்சி நல்ல சேச்சி என்று கௌசல்யாவின் குரல் சொன்னது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அதன்பின் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்குமுன் போனைத் திறந்து கடையின் பக்கத்தைப் பார்ப்பாள். இன்று என்ன சொல்லியிருக்கிறேன் என்று பார்ப்பதுபோல இருந்தது. ஆட்டோவில் ரீல் ஓடினால் காது அங்கே போய்விடும். கவுன்டரில் பேச்சு குறைந்தது. தான் சொல்வது தானே சொல்வதுதானா என்று ஒரு கணம் நின்று யோசித்துவிட்டே வாயைத் திறந்தாள்.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஓமனா வந்தார். நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றவர், கௌசல்யா இருந்தால்தான் வாங்குவார். பையிலிருந்து ஓணத்துக்குப் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டுகள் ஐந்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். கௌசல்யா லீவில் இருந்த அன்று வாங்கிப் போனாராம். கைத்தறி என்று நீதானே வீடியோவில் சொன்னாய், உன் பேச்சை நம்பித்தானே மகள்களுக்கும் மருமகள்களுக்கும் சேர்த்து எடுத்தேன், என் அக்கா தொட்டுப் பார்த்ததும் மெஷின் துணி என்றுவிட்டாள் என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கௌசல்யா துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். பார்க்கவே வேண்டாம். பவர்லூம்தான். இது கைத்தறி இல்லை, அதைச் சொன்னது நானும் இல்லை, கம்ப்யூட்டர் என்று ஓமனாவிடம் சொன்னாள். கடையில் நின்ற ஏழெட்டுப் பேருக்கும் அது கேட்டது.

ஷாஜி அவளை உள்ளே கூப்பிட்டார். எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் ஆட்களிடம் தமிழில்தான் பேசுவார். அந்த வரி தவறாகப் போய்விட்டது, ஓணம் கழியட்டும், பார்க்கலாம் என்றார். அந்த விளம்பரத்தை இப்போதே எடுத்துவிடச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"சம்பளம் கடையில இருந்தல்லே வாங்குறது? அப்ப சவுண்டும் கடைக்குள்ளதுதான்."

"துணி ஒங்களுக்குள்ளது மொதலாளி. நாக்கு எனக்குள்ளது. பவர்லூமை கைத்தறின்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல."

அவர் போனை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் அவள் சோறு உண்ணவில்லை. கடைக்குப் பின்னால் சந்தில், ஒரு கையில் பவர்லூம் முண்டும் மறுகையில் கைத்தறி முண்டுமாக நின்று, கூட வேலை செய்யும் பெண்ணிடம் போனைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். இன்னது இன்னது என்று ஓரத்தைக் காட்டி விளக்கினாள். முகம் தெரியாமல் என் குரல் மட்டும் கேட்டால் அது நான் இல்லை என்று முடித்தாள். முந்நூறு நம்பருக்கும் அனுப்பிவிட்டுப் போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சிலர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதைவிட அதிகம் பேர் அவளைத் தேடி வந்து, கைத்தறியைக் கேட்டு வாங்கிப்போனார்கள். ஷாஜி அந்த விளம்பரத்தை எடுத்துவிட்டார். ஓணம் முடியும்வரை அவளிடம் முகம் கொடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஓணம் முடிந்து ஒரு வாரத்தில், இனி வர வேண்டாம் என்று வேறொருவர் வழியாகச் சொல்லியனுப்பினார்.

வலியசாலையில் ராமசுப்ரமணியன் என்பவரின் சின்ன ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. அவரும் வீடியோ பேசச் சொன்னார். கௌசல்யா நோட்டுத்தாளில் தமிழில் எழுதி நீட்டினாள்: நான் சொல்லாததை என் குரலில் சொல்லக் கூடாது. அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் போனைத் துழாவுவது நிற்கவில்லை. போன வாரம் ஆற்றிங்கலில் ஒரு மெத்தைக் கடையின் விளம்பரத்தில் அவள் பேசினாள். முதுகுவலி பதினைந்து நாளில் போய்விடும் என்றாள். விசாரித்ததில் அந்தக் கடைக்கும் சுமந்த்தான் விளம்பரம் செய்கிறான் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மெத்தைக் கடைக்கே நேரில் போய்க் கேட்பதென்று கௌசல்யா முடிவெடுத்திருந்தாள். ஆறுமுகநயினாரும் வேலைக்குப் போகவில்லை. எதற்கும் துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனார். கௌசல்யா ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நீட்டி, ஆற்றிங்கல் வந்துவிட்டதா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே போனாள்.