கையெழுத்துப் போடாத பயந்தாங்கொள்ளி

வீரர்களைப் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. கோழைகளைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தக் குறை ஓரளவு தீரட்டும் என்று, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பதினான்கு வருடம் லிப்ட் பழுதுபார்த்த ஒருவரின் வரலாறு இங்கே சொல்லப்படுகிறது. கட்டடம் முழுக்க அவருக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி. சூட்டியவர் அவருடைய மனைவியின் அண்ணன். அதே கட்டடத்தில் மேனேஜர். மச்சான் வைத்த பெயர் நிலைத்துவிடும் என்பது உலக அனுபவம்.

பெயருக்குக் குறை சொல்ல முடியாது. ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டுச் சாப்பிடப் போவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து மறுபடியும் முடுக்கிப் பார்ப்பார். மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். எதுவும் கேட்க மாட்டார். வந்திருக்கிறேன் என்று கடவுளிடம் சொல்லிவைப்பதோடு சரி.

இந்தப் பயம் இருபத்தைந்து வயதில் பிடித்தது. அப்போது வேறொரு கட்டடத்தில் வேலை. ஒரு வாரம் சோம்பேறித்தனமாக மேலே ஏறிப் பார்க்காமலே பதிவேட்டில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வாங்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். வாங்காமல் திரும்பி, நேரே வேலையிடத்துக்குப் போய், ஏறிப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. அதுதான் அவரைக் கலக்கியது. யாருக்கும் கேடு செய்யாத, யாராலும் கண்டுபிடிக்க முடியாத அந்தப் பொய்யை ஒருவர் மட்டும் அறிந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குக் கடவுளைத் தவிர வேறு எவருக்கும் பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

கட்டடத்தின் முதலாளியும் பக்திமான்தான். காலை ஒன்பது மணிக்கு வரவேற்பறையில் எல்லா ஊழியரும் தலைகுனிந்து நிற்க, அவரே ஜெபம் நடத்துவார். மற்ற அலுவலகங்களில் சுற்றறிக்கை என்று ஒன்று உண்டல்லவா, அது இங்கே பரலோகம் வழியாக வரும். “ஆண்டவரே, மூன்றாம் மாடியில் போனில் அரட்டை அடிக்கும் உமது மகளுக்கு நல்ல புத்தி கொடும்” என்பார். மூன்றாம் மாடி மகள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஆமென் சொல்வாள். விடுப்பு மறுக்கப்படுவதும் அப்படியே. கடவுள் மறுத்த விடுப்புக்கு மேல்முறையீடு ஏது?

இப்படியிருக்க, ஆறாம் மாடியில் புது மண்டபம் கட்டி முடிந்தது. சனிக்கிழமை மதியம் ஸ்தோத்திர ஆராதனை. முழங்கால் வலிக்காரரான போதகர் வருகிறார், பாடகர் குழு வருகிறது, முதலாளியின் சொந்தபந்தம் எண்பது பேர் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை நம் ஆள் வழக்கம்போல லிப்டை மெதுவாக ஓடவிட்டு, அதைத் தாங்கும் எஃகுக் கயிறுகள் மேல் பழைய துணியைப் பிடித்துப் பார்த்தார். கம்பி இழை அறுந்த இடத்தில் துணி மாட்டிக் கிழியும். மூன்று கயிற்றில் வழுக்கிக்கொண்டு போனது. நான்காவதில், ஒரு சாண் நீளத்துக்குள் பதினோரு இடத்தில் கிழிந்தது. ஆறுக்கு மேல் போனால் ஓட்டக்கூடாது என்பது விதி. மின்சாரத்தை நிறுத்தினார், பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. புதுக் கயிறு வர பத்து நாள் ஆகும் என்றார்கள்.

மச்சான் ஓடிவந்தார். ஒரே ஒரு நாள்தானே, மிச்சம் மூன்று கயிறு இருக்கிறதே, ஜெபம் பண்ணப் போகிறவர்களைக் கடவுள் கைவிடுவாரா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மறுப்புத் தலையாட்டல். கீழ்த்தளத்தில் பின்பக்கம் இருந்த இரண்டு அறை வீடு இந்த வேலையோடு வந்தது என்பதையும், வேலை போனால் வீடும் போகும் என்பதையும் நினைவூட்டிவிட்டு இறங்கினார்.

அதையே சாயங்காலம் மனைவி வேறு விதமாகச் சொன்னாள்.

“கடவுளுக்குப் பயப்படுறீங்க, சரி. எனக்கும் கொஞ்சம் பயந்தா என்னவாம்?”

“உனக்கும் பயம்தான். ஆனா துணி காயப்போட நீயும் அந்த லிப்ட்லதான போற?”

அவள் பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை ஜெபம். முதலாளி அன்று குரலைத் தாழ்த்தி, உருக்கமாகத் தொடங்கினார். “ஆண்டவரே, லிப்ட் பார்க்கும் உமது அடிமையின் அவிசுவாசத்தை மன்னியும். பன்னிரண்டு மணிக்குள் அவன் கையெழுத்துப் போட அவனுக்குக் கிருபை தாரும்.” எல்லோரும் ஆமென் என்றார்கள். மச்சான் இரண்டு தடவை சொன்னார். பிறகு அறையே ஒருவரின் ஆமெனுக்காகக் காத்திருந்தது.

நம் ஆள் கண்ணைத் திறந்தார். ஆமென் சொல்லாமல் அவர் கண்ணைத் திறந்தது அதுவே முதல் தடவை.

“சார், எனக்குச் சொல்ல வேண்டியத எங்கிட்டயே சொல்லுங்க. ஆண்டவர ஏன் நடுவுல ஆளா அனுப்புறீங்க? அவர் என்ன உங்க ஆபீஸ் பியூனா?”

யாரோ தும்மலை அடக்கினார்கள். தும்மல்தானா என்பது உறுதியில்லை. முதலாளியின் காது சிவந்தது.

“உனக்கு வேலை வேணுமா வேணாமா?”

“இப்பதான் சார் நேராப் பேசுறீங்க. வேணும். ஆனா அறுந்த கயித்துல ஆள ஏத்த மாட்டேன். பொய்ய எழுதிட்டு அவர் முன்னாடி போய் நிக்கிற தைரியம் எனக்கு இல்ல. உங்களுக்கு இருந்தா நீங்க போடுங்க.”

திங்கட்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யும்படி உத்தரவாயிற்று. அவர் ஆறு மாடியும் படியேறிப் போய், மோட்டார் அறையில் இருந்த மெயின் சுவிட்சுக்குத் தன் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டார். இறங்கிவந்து லிப்ட் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

போதகர் வந்தார். இவன் விசுவாசத்தில் பலவீனமானவன் என்று முதலாளி அறிமுகம் செய்துவைத்தார். பலவீனர் கிழிந்த துணியை எடுத்து நீட்டினார். போதகர் கிழிசல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். படிக்கட்டையும் பார்த்தார். கர்த்தர் தரைத்தளத்திலும் இருக்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் பிரசங்கத்தை முடித்துக்கொண்டு, ஆராதனையைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார். முதலாளியின் சொந்தபந்தம் இரண்டு வேனுக்கு நடுவே நெருக்கியடித்துப் பாடியது.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். திங்கட்கிழமை மனைவி பெட்டிகளைக் கட்டி முடித்தபோது மச்சான் சாவி வாங்க வந்தார். முகத்தை நிமிர்த்தவில்லை.

“வீட்டுச் சாவி இந்தா மச்சான். மோட்டார் ரூம் சாவியும் இருக்கு.”

“மேல போட்ட பூட்டோடது?”

“அது என் பூட்டு. கயிறு மாத்தினதும் சொல்லியனுப்பு, வந்து திறந்து விடுறேன்.”

“வெட்டிடுவாங்க மாப்ள.”

“வெட்டட்டும். வெட்டுறவர் பதிவேட்டுல ‘சரிபார்த்தேன்’னு எழுதி, பேரையும் தேதியையும் போட்டுட்டு வெட்டச் சொல்லு.”

மச்சான் இதை வார்த்தை பிசகாமல் முதலாளியிடம் சொன்னார். முதலாளி மேனேஜரான அவரையே பார்த்தார். மேனேஜர் கட்டடத்து எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியனுக்கு அவசரமாக வேறு வேலை வந்தது. புதுக் கயிறு வரும்வரை அத்தனை பேரும், முதலாளி உட்பட, ஆறு மாடியும் படியேறித்தான் போனார்கள்.