மாதா படத்தில் ஏறிய நிறம்

எண்பதுகளின் நடுவில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய புளி குடோனில் எனக்கு வேலை. சோலார் செல்லுக்கான கண்ணாடியில் பூச்சுப் போடும் சின்னக் கம்பெனி அது. உலையில் கண்ணாடியைச் சூடேற்றி, வெள்ளீய உப்புக் கரைசலை ஸ்ப்ரே கன்னால் அடிப்போம். மின்சாரம் பாயக்கூடிய மெல்லிய பூச்சு படியும். சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஊதாவும் பச்சையுமாய் ஒரு சாயல் தெரியும். கையகலத் துண்டில் அழகாக வந்தது. கதவு அகலத்துக்குப் போட்டால் திட்டுத்திட்டாகப் படிந்தது.

காற்று அசைவதுதான் காரணம் என்று கண்டுபிடித்த மேதாவி நான். ஜன்னல்களை மூடினேன், எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினேன். பூச்சு ஒரே சீராக வந்தது. ஆனால் அமில நெடி தாங்காது. அடித்து முடித்ததும் நான் வெளியே ஓடிவிடுவேன். கண்ணாடி ஆறும்வரை உலைக்கு எதிரே நின்று பார்த்துக்கொள்வது, அங்கே கண்ணாடி கழுவும் அக்காவின் வேலை.

அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சுவரில் அவரே மாட்டிய, கண்ணாடிச் சட்டம் போட்ட மாதா படம் இருந்தது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். குரல் கம்மிப் பாதிதான் வந்தது.

"சார், மாதா மொகத்தப் பாருங்க. வெளிச்சம் வந்திருக்குதுங்க."

பார்த்தேன். முகத்தைச் சுற்றி ஊதா வளையம், அதற்கு வெளியே பச்சை. நான் தலையை அசைத்தால் வளையமும் அசைந்தது. சாமி நம்பிக்கை இல்லாத எனக்கே முதுகு சில்லிட்டது. "டியூப் லைட் வெளிச்சம்க்கா" என்று சிரித்து மழுப்பினேன்.

நாளுக்கு நாள் வளையம் பெருகியது. அவர் இல்லாத நேரம் துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை. அந்தப் பக்கம் தனியாகப் போகவே பயந்தேன். இதற்கிடையில் அக்காவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஆளாகப் பாடுகிறவர் அவர்.

"மாதாக்கு வேண்டிக்கிட்டேங்க, செரியாப்பூடும்" என்றார். வெறும் காற்றுதான் வந்தது.

அந்த வாரமே பெரிய கண்ணாடி ஒன்று ஒரு திட்டும் இல்லாமல் வந்தது. பெருமையாகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். ஊதா, பச்சை. அப்படியே நிமிர்ந்தால் எதிரே மாதா படம். அதே ஊதா, அதே பச்சை.

கண்ணாடியைக் கீழே வைத்தேன். உலையிலிருந்து கிளம்பிய ஆவி அந்தப் படத்தின் கண்ணாடியில் போய்ப் படிந்திருக்கிறது. நடுவில் நின்ற அக்காவைத் தாண்டித்தானே அது போயிருக்கும்?

ஃபேனைப் போட்டேன், ஜன்னல்களைத் திறந்தேன், அவரை மொபெட்டில் உட்காரவைத்துத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அமில ஆவி தொண்டையைத் தின்றிருக்கிறது, நுரையீரல் தப்பித்தது என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை. குரல் மட்டும் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், ஃபேனை நிறுத்தியது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு கையை ஒருமுறை அசைத்தார். "போகட்டும் விடுங்க" என்றாரா, "போயிடுங்க" என்றாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும் குரலைப் பறித்தவனே நான் என்பதால், திரும்பப் போய்க் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.