கண்ணாடிப் பெட்டிக்குள் அறுகம்புல்

பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்று எவராவது தொடங்கினால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுகிறவன் நான். ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் அப்படிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் கோபிக்க மாட்டேன். கேத்தல் இடப்பக்கம் இருக்கிறது.

இரவில் நடந்தது என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. அந்தப் பிராணி பகலில் வேலை செய்கிற பிராணி. செத்துப் பஞ்சடைத்த பிறகும் பழக்கத்தை விடவில்லை, அவ்வளவுதான்.

தென் லண்டனில் ஒரு சின்னப் பழைய அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை எனக்கு. என் பொறுப்பில் இருப்பது மலை அறை, அதன் நடுவே கட்டில் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பின்னால் வானம் தீட்டிய பலகை, முன்னால் சாந்தில் செய்த பாறைகளின் சரிவு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருட்டு. மேலே கம்பியில் ஒரு கழுகு. உச்சிப் பாறையில் முன்னங்காலொன்றைத் தூக்கியபடி ஸ்டோட். நம் கீரிக்கு ஒல்லியான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், மண்ணிற முதுகு, கறுத்த வால் நுனி. அடிப் பாறையில், வாயில் ஒரு புல் தண்டோடு, பைக்கா.

பைக்காவை நீங்கள் அறிய நியாயமில்லை. உள்ளங்கையில் அடங்குகிற உருண்டை, வட்டக் காது, வால் கிடையாது. பார்க்க எலி, பிறப்பில் முயலுக்குச் சொந்தம். மலை முழுக்கப் பனி மூடினாலும் தூங்காது. கோடை எல்லாம் புல்லை அறுத்து, வெயிலில் காயவைத்து, கல்லிடுக்கில் போராக அடுக்கிவைத்துப் பனிக்காலத்தில் தின்னும். ஸ்டோட்டையோ கழுகையோ கண்டால் விசிலடித்து அயலை எழுப்பும்.

எங்கள் துப்புரவாளர் சறோ அக்கா. ஸ்ட்ரெதமில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவோம். முதல் நாள் பெட்டிக்கு முன்னால் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார்.

“தம்பி, இது ஆரெண்டு தெரியுமே? எங்கட பிள்ளையாரின்ர வாகனம்.”

“அக்கா, அது எலியில்லை, முயல் சாதி. வாலைக் காணேல்லைப் பாருங்கோ.”

“வால் ஒடிஞ்சிருக்கும். லண்டனுக்கு வந்து எங்களுக்கு என்னென்ன ஒடிஞ்சது! அதுக்கு ஒரு வால்தானே.”

கோடை முழுக்க வேலை செய்து குளிருக்குச் சேர்க்கிற கதையைச் சொன்னேன். அது இன்னும் வினையாகப் போயிற்று. “பாவம், ரெண்டு ஷிப்ட் செய்யிற சீவன்” என்று உருகிவிட்டார். அடுத்த வெள்ளி தன் பால்கனிப் பூச்சட்டியில் வளர்க்கும் அறுகம்புல்லில் மூன்று இதழ் கிள்ளி, மஞ்சள் நூலால் கட்டி, பெட்டிக்கு வெளியே மரச்சட்டத்தில் வைத்தார். மாலையில் அது இல்லை. அவர் எடுத்துப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் கூட்டித் தள்ளியிருப்பேன் என்று அவர் நினைத்தாராம். இப்படி ஒருவரை ஒருவர் நினைத்தே ஒரு கோடை போய்விட்டது.

ஒக்டோபரில் மனேஜர் ஹெலன் வந்து பெட்டியை உற்றுப் பார்த்தார். பைக்காவுக்குப் பின்னால், கல்லிடுக்கில், தொப்பி அளவில் ஒரு புற்போர்.

“இது முன்பு இருந்ததா?”

இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு புல்லில் ஒரு பூச்சி முட்டை போனால் போதும், நூறு வருடத் தோல்கள் தூளாகிவிடும். பெட்டிப் பூட்டுக்கு ஒரே ஒரு திறப்புத்தான், அது என் இடுப்பு வளையத்தில். வால்ரஸின் தந்தத்தில் பள்ளிப் பிள்ளைகளை யாக்கெட் கொழுவ விட்டதற்காக ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் நான். இரண்டாவது கடிதம் வந்தால் வீடுதான். முழங்கால் தேய்ந்தவனுக்கு, உட்கார்ந்து செய்கிற இன்னொரு வேலையை இந்த நகரத்தில் யார் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்?

“திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு விளக்கம் வேண்டும்” என்றார் ஹெலன், மிக மரியாதையாக. அவர் மரியாதையாகப் பேசினால்தான் பயம்.

சறோ அக்காவைப் பிடித்தேன். “உண்மையைச் சொல்லுங்கோ, உள்ளுக்க வைச்சது நீங்கதானே?”

“கண்ணாடிக்குள்ளால கையை விட நான் என்ன சித்தரே?”

ஆகவே அந்த வெள்ளி, கதிரையைப் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். சட்டத்தில் அறுகம்புல். வெளியே லண்டன் மழை, அழவும் மனமில்லாமல் நிறுத்தவும் மனமில்லாமல். ஆள் நடமாட்டம் இல்லை. மூன்று மணிக்கு ஒரே ஒரு தும்மல் தும்மினேன். நம்பினால் நம்புங்கள், தும்மி நிமிர்ந்தபோது சட்டத்தில் புல் இல்லை. பைக்காவின் வாயில் காய்ந்த தண்டு இருந்த இடத்தில் பச்சையாக மூன்று இதழ், மஞ்சள் நூல்.

அப்போது விசில் கேட்டது. குறுகலாக, கூர்மையாக, பல்லிடுக்கில் ஊசி போவதுபோல. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எதற்காக வந்தது என்று பார்த்தேன், ஏன் என்று இன்றும் தெரியாது. உச்சிப் பாறை வெறுமை. ஸ்டோட் நடுப்பாறையில் நின்றது. அதே தூக்கிய முன்னங்கால், கண் மட்டும் கீழே.

ஒரு படித்த மனிதன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? நான் “சூ! சூ!” என்றேன். செத்த மிருகத்தைப் பார்த்து. பிறகு கண்ணாடியில் அடித்து, “ஓடு! உள்ளுக்க ஓடு!” என்று தமிழில் கத்தினேன். அலாரம் அலறியது. ஹெலன் ஓடி வந்தபோது நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

“திறவுங்கள்” என்றார்.

நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. திறப்பு நுழைந்தது, திரும்பவில்லை. ஹெலன் குனிந்து பார்த்தார். கதவின் விளிம்பு முழுக்கப் பச்சைப் பெயிண்ட், நான்கு பக்கமும், ஒரு மயிரிழை வெடிப்பும் இல்லாமல். நகத்தால் சுரண்டினார்.

“இது நான் பிறக்கும் முன் அடித்த பெயிண்ட். நீங்கள் இதைத் திறந்திருக்க முடியாது.” கொஞ்சம் யோசித்தார். “எவருமே திறந்திருக்க முடியாது.”

அந்த நிமிடம்வரை என் பயமெல்லாம் வேலையைப் பற்றியது. வேலை தப்பியது என்று விளங்கிய பிறகுதான் மற்றப் பயத்துக்கு இடம் கிடைத்தது. புற்போரில் சின்னச் சின்னதாக மஞ்சள் நூல்கள் தெரிந்தன. ஹெலன் அவற்றையும் பார்த்தார், நடுப்பாறையையும் பார்த்தார். ஆங்கிலேயர் அல்லவா, அறிக்கையில் இப்படி எழுதினார்: ‘உள்ளே உள்ள பொருட்கள் காலப்போக்கில் சற்றுக் கீழிறங்கி அமர்ந்துள்ளன.’ எனக்குக் கடிதம் வரவில்லை. அதன்பிறகு அவர் மலை அறைப் பக்கம் வரவுமில்லை.

சறோ அக்காவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். “அப்ப அது விளையாட்டில்லை, குளிருக்குச் சேர்க்குது. நிப்பாட்டிப் போடாதையும்” என்று மட்டும் சொன்னார். இந்த வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போகும்போது பூச்சட்டியை என் கையில் தந்துவிட்டுப் போனார். இப்போது அது என் குசினி யன்னலில் இருக்கிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, முதலிலேயே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று இதழ் கிள்ளுகிறேன், கட்டுகிறேன், வைக்கிறேன். மாலையில் அது இருப்பதில்லை.

போன வெள்ளி தடிமன் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். நடுப்பாறை காலி. ஸ்டோட் அடிப் பாறைக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அதைக்கூடச் சமாளிப்பேன்.

ஸ்டோட் மலையில் பனி தொடங்கும்போது நிறம் மாறும், வால் நுனியைத் தவிர உடம்பு முழுக்க வெள்ளையாகும். உயிருள்ள ஸ்டோட்டுக்கு அது இயற்கை. வாசலில் விற்கும் தபாலட்டையில் எங்கள் ஸ்டோட் நான்கு காலும் மண்ணிறமாக நிற்கிறது, வேண்டுமானால் வாங்கிப் பாருங்கள். நேற்று நான் பார்த்தபோது முன்னங்கால் இரண்டும் முழங்கால்வரை வெள்ளை.